ஒஸ்வால்டோ குறூஸ்: கதவைத் தட்டிய வைத்தியர்

சென்ற மாரிகாலத்தில் ஒரு நாட் பிற்பகல், மழை சற்றே ஓய்ந்திருந்த வேளை. யான் கல்லூரியிலிருந்து வந்து விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்தேன். படலையில் ஆளரவம் கேட்டது. சுகாதாரப் பகுதியைச் சேர்ந்த இளைஞர் இருவர் கைவிளக்கும் அகப்பையும் ஏந்தி நின்றனர். வளவுக்குள் நீர் தேங்கும் இடங்களைப் பார்க்க வேண்டும், கூரைப் பீலியையும் ஏறிப் பார்க்க வேண்டும் என்று பணிவாகவே கேட்டனர். எனக்கு அது பிடிக்கவில்லை. நாள்தோறும் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கும் வீட்டைப் பிறர் வந்து சோதிப்பதா என்னும் எண்ணம் முந்திக்கொண்டது. இன்னொரு நாள் வரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதில் நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அன்று காலையிலேதான் மாணவருக்குத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லியிருந்தேன். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என அவ்வதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் வகுத்திருப்பதை வெகுநேரம் விரித்துரைத்தவன் யான்.

சில நாள்கள் கழிந்தன. அடுத்த வளவுப் பிள்ளை, என்னிடத்திற் படிக்கும் மாணவன், டெங்குக் காய்ச்சலில் வீழ்ந்தான். ஆஸ்பத்திரியில் அவன் கிடந்த நாள்கள் அவன் பெற்றோருக்கு யுகங்களாய்க் கழிந்தன. அந்த இளைஞர் இருவரும் மறுபடியும் வந்தனர். இம்முறை யான் தடுக்கவில்லை. பீலியில் மாவிலை அடைத்துத் தேங்கியிருந்த நீரிலும், அழகுக்காக யான் வளர்த்த தாமரைத் தொட்டியிலும் நுளம்பின் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. பிள்ளை தேறி வந்துவிட்டான். அவனைக் கடித்த நுளம்பு எவர் வளவிற் பிறந்தது என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லல் இயலாது. என்னைக் குறைகூறினாரும் இல்லை. ஆயினும் என் மனம் என்னை விடவில்லை.

அந்நாள்களில் இந்நுளம்பின் வரலாற்றைத் தேடி வாசிக்கலானேன். அப்பொழுது எனக்கு வாய்த்ததே ஒஸ்வால்டோ குறூஸ் என்னும் பிறேசில் நாட்டு வைத்தியரின் வாழ்க்கை. நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்னர் ஒரு மாநகரின் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியவர் அவர். கதவு திறக்கப்பட்டதும் உண்டு, அடைக்கப்பட்டதும் உண்டு, உடைக்கப்பட்டதும் உண்டு. அம்மூன்றிலும் நமக்குப் பாடம் இருத்தலின், அவ்வரலாற்றை இங்கே சொல்ல முற்படுகின்றேன்.

இளமையும் கல்வியும்

குறூஸ் 1872ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், சாவோ பவுலோ மாகாணத்துச் சிற்றூராகிய சாவோ லூயிஸ் டூ பறைற்றிங்காவிற் பிறந்தார். தந்தையார் வைத்தியர். குறூசுக்கு ஐந்து வயதாகும் காலத்திற் குடும்பம் றியோ டி ஜெனீறோ நகருக்குக் குடிபெயர்ந்தது. அவர் சிறுவனாயிருந்த காலத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. ஒரு நாள் பள்ளியில் இருந்த பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வருமாறு தாயார் ஆளனுப்பினாராம். ஏதோ தீங்கு நேர்ந்ததென்று பிள்ளை ஓடிவந்தது. துயிலெழுந்த படுக்கையைச் சீர்செய்யாமற் போய்விட்டதே அழைத்ததற்குக் காரணம். படுக்கையைச் சீர்செய்த பின்னரே பிள்ளை பள்ளிக்கு மீண்டது. பிற்காலத்திலே மாநகர் ஒன்றையே துப்புரவாக்கியவர்க்கு முதலாசிரியர் தாயார் என்று கொள்ளலாம்.

பதினைந்து வயதிலேயே வைத்தியக் கல்லூரியிற் புகுந்த குறூஸ், 1892இல் இருபது வயதில் வைத்தியப் பட்டம் பெற்றார். நீரின் வழியாக நுண்ணுயிர்கள் பரவுதலே அவர் ஆராய்ச்சியுரைக்குப் பொருள். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். மறு ஆண்டில் எமீலியா டா பொன்சேக்கா என்னும் நங்கையை மணந்தார். மாமனார் செல்வம் படைத்த வணிகர். மருகரின் நாட்டத்தை அறிந்து ஓர் ஆய்வுகூடம் அமைத்துக் கொடுத்தார். பின்னர்ப் பாரிஸ் நகருக்குச் சென்று பயில்வதற்கும் துணைநின்றார்.

1896 முதல் 1899 வரை குறூஸ் பாரிஸ் நகரிற் பாஸ்ரர் நிறுவனத்தில் எமில் றூ என்னும் அறிஞரின் கீழ்ப் பயின்றார். நுண்ணுயிரியலோடு அவர் நின்றுவிடவில்லை. ஆய்வுக்கு வேண்டிய கண்ணாடிக் குழாய்களும் மருந்துக் குப்பிகளும் தம் நாட்டிற் கிடைப்பது அரிது என்று அறிந்து, கண்ணாடி ஊதும் தொழிலையும் அங்கே கற்றுக்கொண்டார் என்பர். கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட வேண்டுமாயின் கைத்தொழிலும் தெரிய வேண்டும் என்னும் கருத்து அவரிடம் இருந்தது.

நாடு திரும்பிய ஆண்டிலேயே சாந்தோஸ் துறைமுகத்திற் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் தோன்றியது. நோய் இன்னதெனத் தெளிந்து உறுதிசெய்தாருள் குறூசும் ஒருவர். பிளேக்குக்குரிய மருந்தை அயல்நாடுகளிலிருந்து பெறுவதிற் காலதாமதம் ஏற்படுதலின், றியோ நகர்ப்புறத்தில் மாங்கீனியோஸ் என்னும் பண்ணையில் அதனை ஆக்கும் நிறுவனம் ஒன்று 1900இல் நிறுவப்பட்டது. அதற்குத் தக்கார் ஒருவரை அனுப்புமாறு பாஸ்ரர் நிறுவனத்தைக் கேட்க, வேறொருவரைத் தேட வேண்டா, உங்கள் குறூஸ் போதும் என்னும் கருத்துப்பட எமில் றூ மறுமொழி விடுத்தார் என்று சொல்லப்படுகின்றது. 1902இல் குறூஸ் அந்நிறுவனத்தின் தலைவரானார்.

மஞ்சட்காய்ச்சல் ஆண்ட மாநகர்

றியோ அக்காலத்திற் பிறேசிலின் தலைநகர். 1906ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்ந்தனர். மலையும் கடலும் தழுவிய பேரழகு வாய்ந்த அந்நகருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அயல்நாட்டார் அதனைச் சாவூர் என்று அஞ்சினர். 1849ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே காலூன்றிய மஞ்சட்காய்ச்சல், அதன் பின்னர் ஆண்டுதோறும் வேனிற் காலத்தில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கடுங்காய்ச்சல் தோன்றும், கண்ணும் உடலும் மஞ்சள் நிறமாகும், இறுதியில் கரிய வாந்தி வரும். புதிதாக வந்திறங்கிய அயல்நாட்டாரே பெரிதும் மாண்டனர். 1895இல் லொம்பார்டியா என்னும் இத்தாலியப் போர்க்கப்பல் றியோத் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்த 340 பேரில் 333 பேர் நோயுற்றனர். 234 பேர் உயிரிழந்தனர். றியோவில் நில்லாமல் நேரே அப்பாற் செல்வதையே தம் கப்பலின் சிறப்பாக விளம்பரஞ் செய்த கம்பனிகளும் இருந்தன.

நோயின் காரணம் யாதென்பதிலே வைத்தியரிடையே பெரும்பூசல் இருந்தது. அழுகிய பொருள்களிலிருந்து எழும் தீய காற்று என்றனர் ஒரு சாரார். நோயாளியின் துணிமணி வழியாகத் தொற்றுவது என்றனர் இன்னொரு சாரார். கியூபா நாட்டவராகிய கார்லோஸ் பின்லே என்னும் வைத்தியர் மட்டும், இதைப் பரப்புவது ஒரு நுளம்பே என்று 1881இல் எடுத்துரைத்தார். இருபது ஆண்டுகள் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. 1900இல் வால்ரர் றீட் என்பாரின் தலைமையில் அமெரிக்கப் படை வைத்தியர்கள் கியூபாவிற் சோதனைகள் செய்து, பின்லேயின் கொள்கை மெய்யென்று நிலைநாட்டினர். வில்லியம் கோர்கஸ் என்பார் அதனைத் துணைக்கொண்டு 1901இல் ஹவானா நகரைத் துப்புரவாக்க, அங்கே மஞ்சட்காய்ச்சல் அடங்கிற்று. சாவோ பவுலோவில் எமீலியோ றீபாஸ் என்னும் வைத்தியர், நோயாளியைக் கடித்த நுளம்பைத் தம் உடலிலும் கடிக்கவிட்டுச் சோதனை செய்தார்.

அந்நுளம்பை இன்று ஏடிஸ் ஈஜிப்தி என்பர். கரிய உடல், காலில் வெள்ளை வரி. ஆற்றையோ குளத்தையோ அது நாடுவதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள சாடி, தொட்டி, பீலி, சிரட்டை ஆகியவற்றிற் தேங்கும் நீரே அதற்கு உகந்தது. நீர் மட்டத்துக்கு மேலே, கலத்தின் உட்சுவரில் முட்டையிடும். நீர் வற்றினும் முட்டை பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த மழையிற் பொரிக்கும். பெண் நுளம்பே பகற்பொழுதில் மனிதரைக் கடிக்கும். பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் பறப்பதும் இல்லை. மஞ்சட்காய்ச்சலைப் பரப்பிய இதே நுளம்புதான் இன்று டெங்கைப் பரப்புகின்றது. ஆதலின் குறூஸ் நடத்திய போர் நம்முடைய போரும் ஆகும்.

பீலியும் தொட்டியும்

1902இன் இறுதியிற் பிறேசிலின் சனாதிபதியாகப் பதவியேற்ற றொட்றீகஸ் அல்வெஸ், தலைநகரைப் புதுக்கி அமைக்க விரும்பினார். வீதிகளையும் கட்டடங்களையும் அமைக்கும் பணி நகரபிதா பெரெய்றா பாசோசிடம் ஒப்படைக்கப்பட்டது. நோய்களை ஓட்டும் பணி 1903 மார்ச்சு மாதத்திற் குறூசிடம் வந்தது. பொதுச் சுகாதாரத் தலைமைப் பதவியை ஏற்றபோது அவருக்கு வயது முப்பது. பெயர் அறியாத இளைஞர் என்று பலர் எள்ளினர். மூன்று ஆண்டுகளில் மஞ்சட்காய்ச்சலை ஒழிப்பேன் என்று அவர் வாக்களித்தபோது நகைத்தவரே மிகுதி.

குறூஸ் நகரைப் பத்துச் சுகாதார வட்டாரங்களாகப் பிரித்து, வைத்தியர்களின் பொறுப்பில் விட்டார். நுளம்பு கொல்வோர் என்று மக்கள் பெயரிட்டழைத்த பணியாளர் கூட்டம் தெருத்தெருவாகப் புறப்பட்டது. ஏணி, வாளி, மண்ணெண்ணெய், துடைப்பம் ஆகியவையே அவர்களுடைய படைக்கலங்கள். கூரையில் ஏறிப் பீலிகளைத் துப்புரவாக்கினர். தண்ணீர்த் தாங்கிகளை மூடினர். வெளியேற்ற இயலாத நீரில் மண்ணெண்ணெய் ஊற்றிக் குடம்பிகளை மூச்சடைக்கச் செய்தனர். நோயாளி இருந்த வீட்டைப் பெருந்துணியாற் போர்த்து, உள்ளே கந்தகப் புகையிட்டு, நோய்சுமந்த நுளம்புகளைக் கொன்றனர். நோயாளியை நுளம்பு அணுகாதவாறு வலைக்குள் வைத்தனர். வீட்டில் அதற்கு வசதி இல்லையாயின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றனர். காய்ச்சல் கண்டவரைப் பற்றி உடனே அறிவித்தல் வைத்தியரின் கடமையாயிற்று.

இவற்றுள் எதுவும் அரிய வித்தை அன்று. நோயாளி, நுளம்பு, நோயற்றவன் என்னும் மூன்று கண்ணிகளுள் நடுக்கண்ணியை அறுத்தலே அதன் சூக்குமம். ஆயின் அக்கண்ணி ஒவ்வொருவர் வீட்டினுள்ளும் இருந்தது. வீட்டுக்காரர் கதவைத் திறவாவிடின் அறிவியல் படலைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

திறவாதவர் பலர். துணிகளை அவித்துத் தூய்மை செய்வதை விட்டு நுளம்பைத் துரத்துவது பித்தென்று முதிய வைத்தியர் பலரே எழுதினர். பத்திரிகைகள் நாள்தோறும் கேலிச்சித்திரம் வரைந்தன. குறூஸ் மக்களுக்கான அறிவுரைகளைப் பத்திரிகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் வெளியிட்டார். ஆனால் நகரில் எழுத்தறியாதார் பெருந்தொகையினர். குடிசைக்கும் நெருக்கமான குடியிருப்புக்கும் முதலிற் சென்று சேர்ந்தது அறிவுரை அன்று. அதிகாரியும் பொலிஸ்காரரும் அபராதச் சீட்டுமே. சுகாதார வழக்குகளை விசாரிப்பதற்கெனத் தனி நீதிமன்றமும் 1904இல் அமைக்கப்பட்டது.

பிளேக்கை ஒடுக்குவதற்கு எலிகளை ஒழிக்க வேண்டியிருந்தது. எலியிலிருந்து மனிதருக்கு அந்நோயைக் கொணர்வது தெள்ளு என்பதைக் கராச்சி நகரில் 1898இற் கண்டறிந்தவர் சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர். அவரே பின்னர் மஞ்சட்காய்ச்சலை ஆராய வந்த பிரெஞ்சுக் குழுவில் ஒருவராய் றியோவில் இருந்தார். குறூஸ் ஓர் எலிக்கு 300 றெயிஸ் விலை கொடுத்து வாங்க ஏற்பாடு செய்தார். எலி வாங்குவோர் தெருவிற் கூவிச் சென்றனர். எலியைப் பற்றி ஆடற்பாட்டும் எழுந்தது. சிலர் எலியை வீட்டில் வளர்த்து விற்றனர். சிலர் அயலூர்களிலிருந்தும் கொணர்ந்து விற்றனர். மனிதர் உள்ளத்தை அறியாது சட்டம் மட்டும் வகுத்தால் அச்சட்டத்திலும் வாணிகம் நடக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. எனினும் பிளேக்கினால் இறப்போர் தொகை பெரிதுங் குறைந்தது.

மஞ்சட்காய்ச்சலின் கணக்கைப் பார்த்தல் வேண்டும். 1902இல் அந்நோயினால் றியோவில் இறந்தோர் 984 பேர். 1903இல் 584. 1904இல் 48. நகைத்தவர் வாயடைத்தனர். ஆனால் 1905இல் அத்தொகை 289 ஆக உயர்ந்தது. குறூசின் கொள்கை பொய்த்தது என்று பகைவர் ஆரவாரித்தனர். அவர் மனந்தளரவில்லை, ஏணியும் வாளியும் மீண்டும் தெருவுக்குச் சென்றன. 1906இல் 42, 1907இல் 39, 1908இல் 4, 1909இல் ஒருவரும் இல்லை. ஒருமுறை துடைத்தாற் போதாது, துடைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதை இக்கணக்கினும் தெளிவாக எந்நூல் உரைக்கும்?

கதவு உடைந்த நாள்கள்

இனி அவர் வாழ்வின் துன்பமான அத்தியாயத்துக்கு வருகின்றேன். 1904இற் பெரியம்மை நகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதற்கு அம்மைப்பால் என்னும் தக்க மருந்து நூறாண்டுக்கு முன்னரே இருந்தது. எல்லோரும் அம்மைப்பால் குத்திக்கொள்ளல் வேண்டும் எனக் கட்டாயச் சட்டம் 1904 ஒக்டோபர் 31இல் நிறைவேறியது. பள்ளியிற் சேர்வதற்கும் வேலை பெறுவதற்கும் மணம் முடிப்பதற்கும் கூட அம்மைப்பால் அத்தாட்சி வேண்டும் எனும் விதிகள் நவம்பர் மாதத்திற் பத்திரிகை வாயிலாக முன்னதாகவே வெளிப்பட்டன. நகர் கொதித்தெழுந்தது.

நவம்பர் 10ஆம் நாள் தொடங்கி ஒரு வாரம் றியோவின் தெருக்கள் போர்க்களமாயின. மக்கள் திராம் வண்டிகளைக் கவிழ்த்து அரண் அமைத்தனர், தெருவிளக்குகளை உடைத்தனர். அரசைக் கவிழ்க்கக் காத்திருந்த அரசியல்வாதிகளும் படைக் கல்லூரி மாணவர்களும் இதுவே தருணம் என்று 14ஆம் நாள் கிளர்ந்தனர். 16ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது, கட்டாயமும் நீக்கப்பட்டது. 30 பேர் மாண்டனர். 110 பேர் காயமுற்றனர். 945 பேர் சிறைப்பட்டனர். அவர்களுள் 461 பேர் நாட்டின் மேற்கெல்லையில் உள்ள அக்றேக் காட்டுப்பகுதிக்குக் கடத்தப்பட்டனர்.

மக்கள் அறியாமையாற் கிளர்ந்தனர் என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வது எளிது. அஃது அரைகுறை உண்மை. நகரைப் புதுக்குவதற்காக ஏழைகள் குடியிருந்த வீடுகளை நகரபிதா இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. வீடிழந்தோர் குன்றுகளின் மேல் ஏறிக் குடிசை கட்டிக்கொண்டிருந்தனர். அரசாங்கத்தின் ஆள் கதவைத் தட்டினால் வீடு பறிபோகும் என்று அஞ்சக் கற்றிருந்த மக்களிடம், அதே அரசாங்கத்தின் ஆள் ஊசியோடு சென்றார். தம் மனைவியரும் பெண்மக்களும் அந்நியர் முன்னிலையில் உடலைக் காட்ட நேரும் என்ற வதந்தி வேறு பரவியது. பொலிஸ்காரரையும் வைத்தியரையும் வேறுபிரித்தறியும் வாய்ப்பு அம்மக்களுக்குக் கிடைக்கவில்லை.

என் சிற்றறிவுக்கு எட்டியவரை, குறூசின் பிழை இவ்விடத்திலேதான் உள்ளது. மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் மூன்று அவரிடம் இருந்தன. நோயாளியின் நிலையை அறிந்தார். தாமே சிறந்த வைத்தியர். மருந்தும் மெய்யான மருந்து. நான்காம் உறுப்பாகிய துணைசெய்வோனை அவர் சம்பளப் பட்டியலிலே தேடினார். ஒருவனுக்கு வரும் நோயில் அருகிருந்து துணைசெய்வோர் அவன் சுற்றத்தார். ஊருக்கு வரும் நோயிலோ ஒவ்வொரு வீட்டுக்காரனுமே அத்துணைவன். அவனைக் குற்றவாளியாக நிறுத்தினால் மருந்து வாசலோடு நின்றுவிடும்.

கட்டாயம் நீங்கியதன் விலையையும் சொல்லல் வேண்டும். 1908இற் பெரியம்மை மீண்டும் வந்து 6,500க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊசியை எதிர்த்தெழுந்த மக்கள் அப்பொழுது தாமாகவே அம்மைப்பால் நிலையங்களை நாடிச் சென்றனர். அவர்கள் மூடரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆனால் அந்தத் தெளிவு பிணங்களைக் கண்டபின் வந்தது. முன்னரே வருமாறு செய்தல் ஆசிரியன் தொழில்.

புகழும் மறைவும்

1907இற் பேர்லின் நகரில் நடைபெற்ற அனைத்துலகச் சுகாதார மாநாட்டிற் குறூசின் பணிக்குப் பொற்பதக்கம் வழங்கப்பட்டது. எள்ளிய ஊரே அவரை எதிர்கொண்டு கொண்டாடியது. 1908இல் மாங்கீனியோஸ் நிறுவனத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அங்கே மூரிய சிற்ப முறையில் அவர் எழுப்பத் தொடங்கிய மாளிகை இன்றும் கோட்டை போல் நிற்கின்றது. அந்நிறுவனத்திற் பணியாற்றிய கார்லோஸ் ஷாகஸ் 1909இற் புதுநோய் ஒன்றைக் கண்டறிந்து, அதற்குக் காரணமான நுண்ணுயிருக்குத் தம் ஆசானின் பெயரையே இட்டார்.

1909இற் பதவியை விட்டபின்னும் குறூஸ் ஓய்ந்திருக்கவில்லை. அமேசன் காட்டில் மதெய்றா - மமொறே புகையிரதப் பாதை அமைத்த தொழிலாளர் மலேரியாவால் மடிந்துகொண்டிருந்தமையால், 1910இல் அங்கே சென்று ஆராய்ந்தார். பெலெம் நகரிலும் மஞ்சட்காய்ச்சலை ஒடுக்கினார். 1912இற் பிறேசில் இலக்கியக் கழகம் அவரை உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. றைமுண்டோ கொறெய்யா என்னும் கவிஞர் இருந்த ஆசனம் அவருக்குரியதாயிற்று. கவி எழுதாதவருக்குக் கவியின் ஆசனமா என்று முணுமுணுத்தவரும் உளர். இலக்கியம் கற்பிக்கும் என்போன்றார் இதனைச் சிந்தித்தல் நலம். உயிர்களைக் காத்த கை, ஏட்டின்மேல் எழுத்தாணி ஓட்டாவிடினும், கழகத்தில் இருத்தற்கு உரியதே என்பது என் கருத்து.

சிறுநீரக நோய் அவரை இளமையிலேயே பற்றிக்கொண்டது. 1916இற் பெற்றோப்பொலிஸ் என்னும் மலைநகரின் நகரபிதாவானார். அந்நகர் முழுவதையும் மலர்களால் நிரப்ப வேண்டுமென்பது அவர் விருப்பம். அது நிறைவேறுமுன் 1917 பெப்ரவரி 11ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. கட்டாய அம்மைப்பாலை 1904இற் செனற் சபையிற் கடுமையாக எதிர்த்த றூய் பார்போசா என்னும் பேரறிஞரே, அவர் மறைந்த ஆண்டில் அவருக்குப் புகழுரை ஆற்றினார்.

மீண்டு வந்த நுளம்பு

கதை இங்கே முடிந்ததாயின் யான் எழுத வேண்டிய தேவையில்லை. 1928இல் மஞ்சட்காய்ச்சல் றியோவுக்குள் மறுபடியும் புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. வீடுவீடாகத் தேடும் பணி முன்னையினும் கடுமையாகத் தொடங்கியது. அதன் பயனாக 1958இற் பிறேசில் நாடு ஏடிஸ் ஈஜிப்தி நுளம்பு அற்ற நாடென்று அறிவிக்கப்பட்டது. குறூசும் கனவு காணாத வெற்றி அது. ஆனால் அயல்நாடுகள் சிலவற்றில் அந்நுளம்பு எஞ்சியிருந்தது. வெற்றி பெற்ற இடத்திலும் விழிப்புத் தளர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் நுளம்பு திரும்பிவந்தது. 1986இல் றியோவிற் டெங்குக் காய்ச்சல் பெருவாரியாகப் பரவியது. 2008இல் மீண்டும் பெருகியபோது பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். படையினர் தற்காலிக வைத்தியசாலைகளை அமைக்க வேண்டியதாயிற்று. குறூஸ் ஏறிப் பார்த்த அதே பீலிகள். அவர் மூடிய அதே தொட்டிகள்.

நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவுசெய்யப்பட்டதை நாம் மறந்துவிடல் ஆகாது. அந்நோயை வேரோடு களையும் மருந்து எவர் கையிலும் இல்லை. காய்ச்சலைக் கவனித்துத் தாங்குவதே வைத்தியர் செய்யத்தக்கது. ஆதலால் நான்காம் உறுப்பின் பொறுப்பு இந்நோயில் மற்றெந்நோயினும் பெரிது.

பிள்ளை கல்லூரிக்குத் திரும்பிய வாரத்தில் யான் மருந்து அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை பாடஞ் சொன்னேன். உரை பழைய உரையே. ஆனால் நான்காம் உறுப்பைப் பற்றிச் சொல்லும்போது என் வளவிற் கண்ட குடம்பிகளையும் மறையாது சொன்னேன். மாணவர் நகைத்தனர், பின்னர் மௌனமாயினர். இப்பொழுது வெள்ளிக்கிழமை தோறும் வகுப்பு முடிந்ததும் அவர்கள் கல்லூரி வளவைச் சுற்றிவந்து, நீர் தேங்கிய கலங்களைக் கவிழ்த்துவிட்டே வீடு செல்கின்றனர். தாமரைத் தொட்டியில் மீன் விட்டிருக்கின்றேன்.

சென்ற மாதத்தில் அந்த இளைஞர் இருவரும் மறுபடியும் வந்தனர். படலையை யானே திறந்தேன். ஒருவர் பீலியைப் பார்க்க ஏறினார். ஏணி வழுக்காதவாறு அடியிற் பிடித்துக்கொண்டு நின்றேன்.